கெளிறா, கெளுத்தியா, மதினி?

என் பிரியமுள்ள மதினிக்கு,

நம் கெளிறுச் சண்டை பாதி தீர்ந்துவிட்டது. அதை முதலில் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் வாரமே தொடங்கிய சண்டை அது. மீசை வைத்த அந்தக் குளத்து மீனை நாங்கள் கெளுத்தி என்றோம். நீங்கள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது கெளுத்தின்னா எங்கூருக் கெளிறு வேற மீனு” என்றீர்கள். ஒரே மீனுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் என்றேன் நான். மீனைப் பற்றிப் படித்து, மீன் ஆய்வகத்திலேயே வேலை பார்க்கிற நாத்தனார் சொன்னால் கேட்க வேண்டாமா? நீங்கள் கேட்கவில்லை.

கடைச் சாமானில் கறுப்புக் கோடுகள் இருக்கிறதே, அதுபோல ஒவ்வொரு வகை மீனுக்கும் டிஎன்ஏவில் ஒரு சின்னப் பகுதி அடையாளமாக இருக்கிறது, அதைப் படித்தால் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதையும் பிரித்துவிடலாம் என்றேன். முழு மீனாகக் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன். நீங்கள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்ததோ, மீசையும் முள்ளும் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசிய துண்டுகள்.

“என்ன மதினி இது?”

“ஆராய்ச்சிக்குக் குடுக்க மீன அழுக்கோடயா குடுப்பாக? நாலு பேரு பாக்குத எடம்லா.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. முழு மீன் கையில் இல்லாவிட்டால், கிடைத்த அடையாளம் எந்த மீனுடையது என்று எதை வைத்துச் சொல்வது? அடுத்த தடவை முழுசாகக் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். அதற்குள் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இந்த மழைக்கு உங்கள் ஊர்க் குளம் நிறைந்ததும் நானே போனேன். உங்கள் தம்பி வலை போட்டுத் தந்தான். எங்கள் பக்கத்துக் குளத்திலும் பிடித்தோம். துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி ஸ்பிரிட்டில் போட்டு, போன வாரம் முடிவு வந்தது. இரண்டு வகை மீன்தான், மதினி. ஜெயித்துவிட்டதாகத் துள்ள வேண்டாம். உங்கள் ஊரிலும் இரண்டும் இருக்கிறது, எங்கள் ஊரிலும் இரண்டும் இருக்கிறது. ஒரே சட்டியில் இரண்டையும் போட்டுத் தின்றுவிட்டுத்தான் இத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

அண்ணனிடம் சொன்னேன். “ரெண்டுல எதுட்டி உங்க மதினி சொன்ன கெளிறு?” என்றான். அவன் கேட்ட விதம் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் முதலில் உங்கள் தூக்குச்சட்டி மீனைத்தான் தேடினேன்.

உங்கள் துண்டுகளில் ஒன்று இன்னும் ஆய்வகத்து பிரீசரில் கிடக்கிறது. எறியச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. ஒத்துப்பார்க்க இப்போது முழு மீன்கள் இருப்பதால், இரண்டில் எது என்று அது சொல்லிவிடும். எதுவாக இருக்கும்? அன்றைக்குச் சட்டியில் எதைப் பார்த்து வேறு என்றீர்கள்? நிறமா, வாலா, இல்லை பிறந்த ஊர்ப் பாசம்தானா?

வருகிற திங்கட்கிழமை அதைச் சோதனைக்கு வைக்கிறேன். எங்கள் மாதிரிகளின் சீட்டில் உள்ளூர்ப் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. உங்கள் துண்டோடு எந்த வகை பொருந்துகிறதோ, அது இனி எந்தக் குளத்தில் கிடைத்தாலும், சங்கரன்கோவிலிலேயே கிடைத்தாலும், அங்கே கெளிறு என்றுதான் எழுதுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
மற்றதைக் கெளுத்தி என்றே கூப்பிடப்போகிற
உங்கள் நாத்தனார்