மேடையில் சொல்லாமல் விட்டது

வைகாசி 28, புதன்
காலையில் இரண்டு முட்டை, வெண்ணெயில் வதக்கிய கீரை. சோற்றைத் தொட்டுத் திங்கள் மூன்றாகிறது. குருதியில் சருக்கரை நன்கு இறங்கிவிட்டது. முன்பே மாத்திரையைப் பாதியாக்கிய மருத்துவர் பர்ஹீன் இன்று அறவே நிறுத்தினார். ஆயினும் என் முறையில் அவருக்கு மனமில்லை. அளந்த சோறு, அதனினும் மிகுதியாகக் காய், பயறு: அதுவே அவர் விரும்புவது. "இது சீக்கிரம் பலன் குடுக்கும் ஐயா. ஆனா எவ்ளோ நாள் தாங்குவீங்க?" என்றார்.

என் மனைவி தேவயானி ஓராண்டாக அந்த வழியில்தான் ஓசையின்றி உண்கிறாள். அரைத்தட்டுச் சோற்றை முழங்கி எந்த மேடையை அதிரவைக்க முடியும்?

ஆனி 8, ஞாயிறு
அம்மையார்குப்பத்தில் கூட்டம். மொழி பற்றிப் பேசப் போனவன் சோற்றில் முடித்தேன். "வெண்சோறு நஞ்சு! இன்றே துறப்பீர்! சான்று வேண்டுமோ? இதோ நான்!" கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. மருத்துவர் என் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்த செய்தி நாநுனி வரை வந்தது. பேச்சின் வீச்சு உடையுமென்று விட்டுவிட்டேன்.

முன்வரிசையில் நெசவாளர் ராஜவேலு. ஆண்டுக்கணக்காக என் கூட்டம் ஒன்றையும் விடாதவர். எழுந்து நின்று கைகூப்பினார்.

ஆனி 9
தொண்டை கட்டியிருக்கிறது. மனம் நிறைந்திருக்கிறது.

ஆனி 25, புதன்
ராஜவேலுவின் மனைவி தாயாரம்மாள் தொலைபேசியில் அழுதார். ராஜவேலு விசைத்தறி முன்பே நினைவிழந்து சாய்ந்துவிட்டாராம். சருக்கரை மாத்திரையை முழு அளவில் விழுங்கிக்கொண்டே சோற்றை அடியோடு நிறுத்தியிருக்கிறார். சருக்கரை அளவு தாழ்ந்து போயிற்று. கை தறிக்குள் போகவில்லை. உயிர் இருக்கிறது.

என்னடா பேசினே நீ? அந்த ஒரு வரியைச் சொன்னா உன் நாக்கு தேய்ஞ்சா போயிருக்கும்?

ஆனி 28
ராஜவேலு வீடு திரும்பிவிட்டார். சோறு மட்டும் உண்ண மறுக்கிறார். மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை, மகள் அழுதும் கேட்கவில்லை. "ஐயாவே உட்டுட்டாரு, நான் துன்றதான்னு சொல்லிக்கினு கீறாரு. மறுபடி சாய்ஞ்சா நான் இன்னா பண்றது ஐயா?" என்றார் தாயாரம்மாள்.

என்ன சொல்லி அவர் மனத்தை மாற்றுவதென்று தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தேவயானி எட்டிப் பார்த்தாள்.

"பேசுனது போதுங்க. போய் அவர் கூட உக்காந்து சாப்ட்டு வாங்க."

ஆனி 29, ஞாயிறு
சென்றேன். மாத்திரை பற்றிய உண்மையை முதலில் சொன்னேன். ராஜவேலு நம்பவில்லை; தம்மேல் இரங்கிச் சொல்வதாக எண்ணினார். தாயாரம்மாளிடம் இரண்டு தட்டு கேட்டேன். மருத்துவர் அவருக்குச் சொன்ன அளவு சோறு, கீரைக் கடைசல், அவித்த பயறு. முதல் கவளத்தை நானே வாயிலிட்டேன்.

"இன்னா ஐயா இது… நீங்க போயி…"

"பசிக்குது ராஜவேலு. நீயும் சாப்பிடு."

ராஜவேலு தம் தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

"அந்த மாத்திரை விசயத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பின்னர்ச் சோற்றைப் பிசைந்தார்.

ஆடி 20
வீட்டில் இருவருக்கும் இப்போது ஒரே அளவுத் தட்டு. சோறு ஒருபங்கு, காய் இருபங்கு. அறவே விடுவது எளிதாக இருந்தது. சிறிது உண்டு நிறுத்துவது அன்றாடம் ஒரு போர். நேற்றும் கை மீண்டும் பானைக்குப் போயிற்று. என் சருக்கரை முன்னையினும் சற்றுக் கூடுதல்தான். "இது போதும். இதையே விடாம புடிங்க" என்றார் பர்ஹீன்.

ஆவணி 15, ஞாயிறு
மீண்டும் அம்மையார்குப்பம், அதே மேடை. ராஜவேலு பெயரைச் சொல்லாமல், அன்று நான் விட்ட வரியைச் சொன்னேன். மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாது உணவை மாற்ற வேண்டா என்றேன். குரலை உயர்த்தவில்லை. கைதட்டல் எழவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்மணி தம் மாத்திரை அட்டையை உயர்த்திப் பிடித்து, இதுவும் சருக்கரையைத் தாழ்த்தும் வகையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன்.

முன்வரிசையில் ராஜவேலு. மடியில் தூக்குப் பாத்திரம். தாயாரம்மாள் எங்கள் இருவருக்கும் சோறு அளந்து கட்டியிருந்தார்.