கடலடி மண்ணில் ஊதாப்பூ

14.6.2025, சனி

மொட்டுதான் என்று நினைக்கிறேன். நடுத்தண்டின் உச்சியில் பச்சையாய், சட்டைப் பொத்தான் அளவு. காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

தோட்டக்கலை படிக்கும் என் பேத்தி இலக்கியா போன மார்கழியில் பன்னிரண்டு விதை கொடுத்தாள். சீமைப் பூவாம். ஈர மணலில் கலந்து ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாள். விதைக்குச் சாம்பல் போட்டுக் காயவைத்துத்தான் எனக்குப் பழக்கம். தயிருக்குப் பக்கத்தில் விதையா! குளிரில் கிடந்தால்தான் விழிக்குமாம். நாலு விழித்தது. மூன்று போயிற்று. மிச்சம் இது ஒன்று.

மகன் வீரமணி சாப்பிடும்போது சொன்னான்: “ஆடிப் பதினெட்டுக்கு வாசல் பூரா சிமெண்ட் போட்டுடறேம்மா. வண்டி நிறுத்த எடம் வேணும். பத்து மூட்ட வாங்கி வச்சிருக்கேன், ஈரம் பட்டா கல்லாயிடும்.”

“அதுக்குள்ள பூத்துட்டா?”

“பூத்தா பாப்போம்.”

பாப்போம் என்றால் என்ன அர்த்தம்?

17.6.2025

இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. சுண்ணாம்புக்கல் சுரங்க லாரி ஒன்று போனால் தெருவே வெள்ளை. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன்.

2.7.2025

மொட்டைச் சுற்றி நகக்கண் அளவு இதழ்கள். பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க்கா, இத தலையில வைக்கலாமா?”

“வைக்க முடியாது.”

“சாமிக்கு?”

“தெரியல.”

“கொழம்புலயாச்சும் போடலாமா? அப்பறம் எதுக்குக்கா இந்தப் பாடு?”

சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷம் அடுத்தவர் வயலில் நட்டேன். நெல்லு, கடலை, கம்பு, எல்லாம் எதற்காவது ஆகும். இந்த மூன்று சென்ட் என் பேரில் பட்டா. எதற்கும் ஆகாத ஒன்றை என் மண்ணில் நான் நடக்கூடாதா?

11.7.2025

பூத்துவிட்டது.

என்னவென்று எழுதுவேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்குப் பத்தாது. சுற்றிலும் ஊதா இதழ். நடுவில் செம்பு நிறத்தில் முள் குவியல், வெயில் பட்டால் கங்கு மாதிரி ஜொலிக்கிறது. அந்த முள்ளெல்லாம் சுற்றிச் சுற்றி, ஒன்றுகூட வரிசை தப்பாமல். நாங்கள் நாற்று நடக் கயிறு பிடிப்போம். இதற்கு யார் கயிறு பிடித்தது?

19.7.2025

இதழெல்லாம் கீழே தொங்கிவிட்டது. ஆடிக்காற்று உறிஞ்சிவிட்டது போல. காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் ஊற்றினேன்.

23.7.2025

நாலு நாளாய்த் தண்ணீர்தான். இன்றைக்கு இலை மஞ்சள். தண்டின் அடி கறுப்பு. இலக்கியாவுக்குப் போன் போட்டேன்.

“ஐயோ அப்பத்தா! அது வாடல. அந்தப் பூவே அப்படித்தான், எதழு கீழ தொங்கும். தண்ணி ஊத்தி ஊத்தி வேர அழுக வுட்டுட்டீங்களே!”

தலை சாய்ந்த பயிரைக் கண்டால் கை தானாகக் குடத்துக்குப் போகிறது. வயக்காட்டுக்காரிக்கு வேறென்ன தெரியும்? — கொன்னுட்டேனே. என் கையாலயே கொன்னுட்டேனே.

24.7.2025

அவள் சொன்னபடி தோண்டி எடுத்தேன். வேர் பாதி நாற்றம். அழுகியதை வெட்டினேன், பூத்தண்டையும் வெட்டினேன். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் நிற்காமல் இருக்க மேடு கட்டிக் கல்லுச்சல்லி கலந்து நட்டேன்.

குழியில் ஒரு உருண்டைக் கல் கிடைத்தது. கழுவினால் அதன் மேல் ஐந்து இதழ்ப் பூ! யாரோ ஊசியால் புள்ளி வைத்த மாதிரி. படம் எடுத்து இலக்கியாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். மூச்சு வாங்கினாள்.

“அப்பத்தா, அது கல்லு இல்ல. கடல்ல கெடந்த உசுரு, செத்துக் கல்லாப் போனது. ஒடம்பெல்லாம் முள்ளா இருக்கும். நம்ம ஊரு ஒரு காலத்துல கடலுக்கடியில இருந்துச்சு. இன்னொன்னு கேளுங்க, உங்க பூவுக்கு எக்கினேசியான்னு பேரு. அந்த முள்ளு உசுரோட கிரேக்கப் பேருலேருந்து வந்ததுதான்.”

எத்தனை கோடி வருஷமோ. கடல் போய்விட்டது, பேர் மட்டும் எங்கேயோ சுற்றி என் வாசலுக்கே வந்து நட்டுக்கொண்டிருக்கிறது.

சுரங்கத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த வீரமணியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது மாதிரி தெனம் லோடு லோடாக் கொட்றேம்மா. ஒருநாளும் குனிஞ்சு பாத்ததில்ல.”

சட்டை நுனியால் துடைத்துத் திரும்ப என் கையில் வைத்தான்.

3.8.2025, ஆடிப்பெருக்கு

மண்வெட்டியோடு வாசலில் நின்றான். மேட்டில் பூவும் இல்லை, தண்டும் இல்லை. பூத்ததே என்று வாதாட ஒரு இதழ்கூட மிச்சமில்லை.

“வேரு புடிச்சிருச்சா?”

“தெரியலடா. துளிர் மாதிரி ஒண்ணு தெரியுது.”

மண்டி போட்டுக் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான்.

“ஜெயலட்சுமி அத்த வூட்டுக் கக்கூஸ் பாதில நிக்குது. மூட்டய அவங்களுக்குக் குடுத்துடறேன்.”

மண்வெட்டியைக் கொல்லையில் சாத்திவிட்டுப் போனான்.

22.10.2025

தீபாவளிக்குப் பிடித்த மழை விடவில்லை. வேர் மறுபடி அழுகிவிடுமோ என்று விடிந்ததும் ஓடினேன். வீரமணியின் வண்டி தெருவில் நனைந்துகொண்டு நிற்கிறது. அதற்கென்று போன வாரம் வாங்கிய உறை, நாலு குச்சி நட்டுச் செடிக்கு மேலே கூரையாய்க் கட்டியிருக்கிறது. அடியில் ஏழு இலை.

நான் கட்டவில்லை.