இரண்டு இடது பெடலும் ஒரு பஸ் டிக்கெட்டும்

ரைட்டரே,

இன்று காலை ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். புது ரப்பர் வாசம் குப்பென்று அடித்தது. முப்பது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்கு ரப்பர் வாசம் என்ன புதுசா என்று கேட்பீர்கள். பெட்டி என் பெயருக்கு வந்திருக்கிறது ஐயா! என் சொந்தக் கட்டைவிரலால் போனில் தட்டி, ஆன்லைனில் நானே வரவழைத்த பெட்டி. சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஏற்காட்டில் வேறு ஒருவரிடமும் இதை நான் சொல்லவில்லை.

இந்த வாசத்தை எத்தனை தடவை என் கடைக்குள் கொண்டுவந்திருப்பீர்கள்! எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை முடிந்து ரிட்டயர் ஆனீர்கள். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரென்று ஒரு கியர் சைக்கிள் வாங்கினீர்கள். உங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து மேடு பள்ளமெல்லாம் மிதித்து வந்து, வியர்வையோடு என் கடை பெஞ்சில் உட்காருவீர்கள். பாதி நாள் கையில் ஒரு பெட்டி இருக்கும்.

"பாய், இதப் பாருங்க. போன்ல தட்டுனா ஊட்டுக்கே வருது."

"ஊட்டுக்கா வந்துச்சு?" என்று கேட்பேன். தலையைச் சொறிவீர்கள். ஏனென்றால் ஒன்றுகூட ஊட்டுக்கு வந்ததில்லை. கொண்டுவருகிற ஆள் அடிவாரத்தில் நின்றுகொண்டு மலைக்கு வண்டி வராது என்பார். நீங்கள் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், போனில் வந்த நம்பரைச் சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டு மறுபடியும் இருபது வளைவு ஏறி வருவீர்கள். அதற்குப் பெயர் ஊட்டுக்கே வருதாம்.

அந்தப் பெடல் கூத்தை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. ஒரு ஜோடி பெடல் கேட்டீர்கள், இரண்டும் இடது கால் பெடலாக வந்தது. வலது பக்கம் மரை வேறு திசையில் சுற்றும், இடதைக் கொண்டுபோய் வலதில் மாட்ட முடியாது. புகார் எழுதினீர்கள். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். போட்டோவில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தது. 'ஜோடி சரியாகவே உள்ளது' என்று பதில் வந்தது. நான் பெஞ்சில் புரண்டு சிரித்தேன். நீங்கள் இரண்டு பெடலையும் மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு காலும் இடதா இருக்கறவன் எவனாச்சும் மலையில இருந்தா சொல்லுங்க பாய், சும்மாவே குடுத்துடலாம்" என்றீர்கள். அவை இன்னும் என் கடையில் ஆணியில் தொங்குகின்றன.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. நான் மட்டும் யோக்கியமா? வியாழக்கிழமை சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது வாங்கிவருகிறேன் என்று வாய் கூசாமல் சொல்வேன். வியாழன் வரும், போகும், உங்கள் சாமான் வராது. ஒருமுறை அளவு சரியில்லாத ஃப்ரீவீலை, "இதுவும் அதேதானுங்க" என்று சொல்லி மாட்டிவிட்டேன். செயின் நழுவி நழுவி, நீங்கள் பாதி வழியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். அப்போதும் குரல் உயரவில்லை. "பாய், அவன் தப்பா அனுப்புனா திருப்பி அனுப்பலாம். நீங்க தப்பாக் குடுத்தா திருப்பித் தரவும் முடியல, உங்களத் திட்டவும் முடியல" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அதற்கப்புறம் வந்தது அந்தப் பிரேக் கட்டை விஷயம்.

முன் சக்கரத்துக் கட்டை தேய்ந்துவிட்டது, மலை இறங்கப் பயமாக இருக்கிறது என்றீர்கள். நாலு வியாழக்கிழமை மறந்தேன். ஐந்தாவது வியாழன் சத்தியமாக ஞாபகம் வைத்து, கடைகடையாக ஏறி இறங்கி, ஒரு ஜோடி வாங்கிவந்து உங்களுக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். கையில் பெட்டி.

அன்று காலையிலேயே இரண்டு பேர் ஆன்லைனில் வாங்கிய சாமானைக் கொண்டுவந்து மாட்டித் தரச் சொல்லி என் உயிரை எடுத்திருந்தார்கள். மூன்றாவதாக நீங்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? போர்டைக் காட்டினேன். 'வெளியில் வாங்கிய சாமான் இங்கே மாட்டித் தரப்படாது.' எல்லா மெக்கானிக் கடையிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அந்த நாள் வரை உங்களுக்கு மட்டும் அந்தப் போர்டு கிடையாது.

"வேற எங்கயாச்சும் போய் மாட்டிக்கங்க ரைட்டரே. அந்தப் போன்காரனையே வரச் சொல்லுங்க, அவன் மாட்டுவான்."

நீங்கள் ஒரு நிமிஷம் ஆணியில் தொங்கிய கட்டையைப் பார்த்தீர்கள். உங்களுக்காக வாங்கியது என்று புரிந்திருக்கும். "நானே மாட்டிக்கறேனுங்க பாய். கோவப்படாதீங்க. டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனீர்கள். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் ஒருவர் கடை வாசலில் நின்று சொன்னார்: "சேர்வராயன் கோயில் ரோட்டுல நம்ம ரைட்டரு போயிட்டாருங்க. சைக்கிள்ல எறங்கயில விழுந்துட்டாராட்ட இருக்குது."

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை ரைட்டரே. கேட்கத் தைரியம் இல்லை. மலை இறக்கம், முன் பிரேக், தானே மாட்டிக்கொண்ட மனுஷன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். உங்கள் ஊட்டுக்கு வந்தேன், தூரத்திலேயே நின்றேன், உங்கள் மகள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன். பெஞ்சில் யாராவது உங்கள் பேச்சை எடுத்தால் பம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். பத்து மாதம். தொழுகையில் நின்றால்கூட 'நானே மாட்டிக்கறேனுங்க பாய்' என்ற குரல்தான் கேட்கும். ஒரு பத்து நிமிஷ வேலை ஐயா அது! அந்தப் பத்து நிமிஷத்தை உங்களுக்குக் கொடுக்காமல் உங்களைக் கொன்றுவிட்டேன் என்றே நம்பினேன். வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

போன வாரம் உங்கள் மகள் உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினாள்.

"ஏனுங்க மாமா, இத ஓட்டற மாதிரி பண்ணிக் குடுங்க. பள்ளிக்கூடத்துக்கு நான் இதுலயே போலாம்னு இருக்கறேன். அப்பா போனப்பறம் யாரும் தொடல."

யாரும் தொடவில்லை. அப்படியென்றால் நீங்கள் மாட்டியது அப்படியே இருக்கிறது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவள் பெஞ்சில், உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நின்றது. கையை விட்டுச் சுற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். கப்பென்று நின்றது. கேபிள் புதுசு, மரையெல்லாம் இறுக்கம். கட்டை ரிம்மின் நடுவில் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. முன் முனை முதலில் தொட, பின் முனை ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

அந்த மயிரிழையைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அப்படி வைத்தால்தான் பிரேக் கீச்சிடாது. கட்டையின் பின் முனையில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து மரையை இறுக்கிவிட்டு, டிக்கெட்டை உருவிவிட வேண்டும். இது என் கைவழக்கம். யாருக்கும் நான் சொல்லித் தந்ததில்லை. நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து வெறுமனே வேடிக்கை பார்த்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையைத் திறந்தேன். ஸ்பேனர், பஞ்சர் ஒட்டு, அவற்றோடு நாலாய் மடித்த ஒரு பஸ் டிக்கெட். எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது. மடிப்பின் மேல் கட்டையின் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பெட்டியை வாங்க அடிவாரம் போய் வந்த டிக்கெட்டாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். உங்களுக்கென்று வாங்கி வைத்த அந்த ஜோடியை ஆணியிலிருந்து எடுத்து உங்கள் சக்கரத்தோடு வைத்துப் பார்த்தேன். நீளம் அதிகம். ரிம்மைத் தாண்டி டயரில் உரசும். நான் விட்டிருப்பேனா? 'இதுவும் அதேதானுங்க' என்று இரண்டு வாஷரைப் போட்டு இறுக்கி அனுப்பியிருப்பேன். நாலு இறக்கத்தில் டயர் அறுந்திருக்கும். யா அல்லா! என் சாமான் தப்பு, உங்கள் சாமான் சரி. ஒரு வாக்குவாதத்தில் தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் ஒரு முள் மிச்சம் இருந்தது. வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பிரேக்கு இவ்வளவு நல்லா இருக்குதே கண்ணு, அப்பறம் அப்பா எப்படி விழுந்தாரு?"

அவள் விழித்தாள். "விழுந்தாரா? யாருங்க மாமா சொன்னது? சைக்கிள் ஸ்டேண்டு போட்டு, பூட்டி நின்னுச்சுங்க. சாவி அவரு பாக்கெட்ல. பக்கத்துக் கல்லுல உக்காந்து தண்ணி குடிச்சிருக்கறாரு. நெஞ்சுல வலி வந்து அப்படியே சாஞ்சுட்டாரு. நொம்ப நேரம் கஷ்டப்படலன்னு டாக்டரே சொன்னாருங்க."

நான் அங்கேயே, கிரீஸ் தரையில், உட்கார்ந்து அழுதேன். கடைத்தெருவே பார்க்கிறது, எனக்கென்ன. பத்து மாதம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் ஐயா அது. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், போர்டு, கோபம், டீ, எல்லாம். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அன்னிக்கி அப்பா ஊட்டுல சிரிச்சுக்கிட்டேதான் மாட்டுனாருங்க மாமா. நம்ம பாய் கோவத்துல இருக்கறாரு, ரெண்டு நாள்ல சரியாயிரும், கொண்டுபோய்க் காட்டோணும், அவரே மாட்டுன மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாருன்னாரு."

சொல்கிறேன் ரைட்டரே. நானே மாட்டின மாதிரி இருக்கிறது. உங்கள் காதில் விழும்படி சொல்ல முடியவில்லை என்கிற வருத்தம் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் தாங்கலாம்.

பின் சக்கரத்துக் கட்டையும் தேய்ந்திருந்தது. அப்பா முன்னால் போட்டதையே பின்னாலும் போடுங்கள் என்றாள். சேலத்தில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, போனை எடுத்தேன். முதலில், கடைக்கும் சேர்த்து நாலு ஜோடி என்று போடுவதற்குப் பதில் நாற்பது என்று தட்டிவிட்டு, அதை அழிக்க அரைமணி நேரம் மல்லாடினேன். ஆறாம் நாள் போன் வந்தது.

"சார், அடிவாரத்துல நிக்கறேன். மேல வண்டி வராதுங்க. வந்து வாங்கிக்கறீங்களா, கேன்சல் போட்டுரட்டுங்களா?"

அந்தத் தம்பியைத் திட்டத் திட்ட பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு உங்களைத்தான் நினைத்தேன். இருபது இறங்கி இருபது ஏறி, சட்டையெல்லாம் கசங்கி வந்து சேர்ந்தேன். இதைப் போய் ஊட்டுக்கே வருது என்றீர்களே, உங்களுக்கு எவ்வளவு பொறுமை! இன்று காலை பெட்டியைப் பிரித்தால் எல்லாம் சரியான அளவு, சரியான ஜோடி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

போர்டைக் கழற்றிவிட்டேன். மழைத்தண்ணீர் ஒழுகுகிற இடத்தில் கூரைத் தகரத்துக்குக் கீழே செருகியிருக்கிறேன். இனி யார் எதை எங்கே வாங்கிவந்தாலும் மாட்டித் தருவேன், திட்டிக்கொண்டே. கோபம் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கோபித்து அனுப்பிய ஆளை அன்றைக்கே பின்னால் போய்க் கூப்பிடுகிறேன். நேற்றுகூட ஒருவரைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திப் போய்க் கூட்டிவந்தேன்.

இன்று சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள். என் டிக்கெட்டை நாலாய் மடித்து, பின் கட்டைக்கு வைத்து இறுக்கினேன். உங்கள் டிக்கெட்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், சட்டைப் பையில் இருக்கிறது. "போய்ட்டு வா சாமி, மெதுவா" என்றேன். கடைக்குக் கீழே இருக்கிற இறக்கத்தில் அவள் விர்ரென்று இறங்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். திருப்பத்தில் பிரேக்கைப் பிடித்தாள். ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. நின்று, ஒரு காலை ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள்.

முன்னால் நீங்கள் மாட்டியது, பின்னால் நான் மாட்டியது. இரண்டும் பிடித்தது ரைட்டரே.