வையம்பட்டிக் கிணற்றில் மின்னிய கல்

சித்திரை 9, ஞாயிறு. காட்டூர், பெரியவன் வீடு.
காலையிலேயே அனல். மோர் புளித்துப் போயிற்று.
பெரியவன் சேகரின் மகள் நித்யா, ஜியாலஜி எம்.எஸ்ஸி., வகுப்பில் முதல். அவள் தம்பி அருண், பேங்க் பரீட்சை பாஸ். சின்னவன் குமாரின் மகன் கபிலன், ஓட்டப்பந்தயத்தில் வெள்ளி. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய என் பேரப்பிள்ளைகள். பெற்ற பிள்ளைகளைப் பற்றி இப்படி எழுத ஒன்றும் இல்லை.
வையம்பட்டி நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. பாடுபடுவது குமார். கிணற்றை ஆழமாக்க வெடி வைத்ததில் மஞ்சளாய் மின்னும் கற்கள். பார்க்கப் போன சேகர் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வெடித்த கல்லை அள்ள வந்த கிரேன்காரர்களையும் திருப்பி அனுப்பிவிட்டான், அவர்கள் கண்ணில் படக் கூடாதாம். தம்பியிடம் சொன்னது: "பாறை கெட்டி, தண்ணி வராது."
அங்கே கத்திரிச் செடி வாடுகிறது.

11, செவ்வாய்.
மருமகள் மல்லிகா கல்லைப் பாலில் கழுவி, மஞ்சள் நனைத்த துணியில் சுற்றி, பூஜை அறையில் வைத்திருக்கிறாள். தினம் கற்பூரம்.
நகை ஆசாரியிடம் காட்டச் சொன்னேன் சேகரை. "ஆசாரி பார்த்தா பெரியகடை வீதிக்கே தெரிஞ்சிரும்மா" என்கிறான். ஸ்ரீரங்கம் போய் ஒரு பங்கு பெருமாளுக்கு என்று நேர்ந்துகொண்டு வந்தான். தம்பிக்குப் பங்கு? வாயே திறக்கவில்லை.
குமார் போன். "அம்மா, செடி கருகுது. அண்ணன் போனையே எடுக்க மாட்டேங்குது." போனைச் சேகரிடம் நீட்டினேன். குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்லிக் கை காட்டினான், சோபாவில் உட்கார்ந்தபடி. சீ, என் வயிற்றில் பிறந்தது.

14, வெள்ளி. காற்றே இல்லை.
பூஜை அறையில் நாற்றம், தீக்குச்சி கிழித்த மாதிரி.
"சாமி கோவம், அத்தை."
"பல்லி செத்துக் கிடக்கும், பாருடி."
சாமி படங்களையெல்லாம் நகர்த்தித் தேடினார்கள். கடைசியில் துணியைப் பிரித்தால் துருக்கறை. கல் கறுத்திருந்தது. நித்யாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன்.
"அப்பாயி, தங்கம் துருப்பிடிக்காது, நாறாது. இது பைரைட். இரும்பும் கந்தகமும். ஈரத்துல சுத்தி வெச்சீங்கல்ல, அதான்."
"காக்காப்பொன்னா, ஆயி?" என்றேன்.
"அது ஏடு ஏடா உரியும். இது அதுவும் இல்ல. சுத்தியலால தட்டுங்க. தங்கம்னா தட்டையாகும்."
சேகர், "இவ புஸ்தகத்துல படிச்சவ" என்றான். பீஸ் கட்டியவனும் இவன்தான்.
மல்லிகா தட்டினாள். தூள். இன்னும் நாற்றம். நித்யா சொன்னபடி ஒரு துண்டை உடைந்த ஓட்டில் தேய்த்தால் கறுப்புக் கோடு. தங்கமாக இருந்தால் மஞ்சளாய் விழுமாம்.
சேகர் தூளைக் கூட்டி டிபன் பாக்ஸில் போடுகிறான். "உள்ள கொஞ்சம் கலந்திருக்கும்."
 

15, சனி.
குமாரிடம் நானே சொல்லிவிட்டேன்.  அவன் கேட்டது: "தங்கமாவே இருந்தாலும் அண்ணனுக்கு இல்லன்னு சொல்லியிருப்பேனாம்மா?"
கிரேன் மணப்பாறைப் பக்கம் போய்விட்டது. வியாழக்கிழமைதான் வருமாம். கத்திரியில் பாதி போயிற்று.
சேகர் காதில் விழுகிற மாதிரியே பேசினேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். பக்கம் புரளவில்லை.

20, வியாழன். மேகம், மழை இல்லை.
டிபன் பாக்ஸைச் சாக்கடையில் கவிழ்த்தேன். தேய்த்துக் கழுவியும் நாறுகிறது. குப்பையில் போட்டேன்.
சேகரிடம் ஒரே பேச்சு: "வை.பட்டிக்குப் போய்த் தம்பி பக்கத்துல நில்லு. இல்லன்னா நான் போறேன், திரும்பி வர மாட்டேன்." காபி குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனான்.
மத்தியானம் நித்யா போன், லீவில் நேரே அங்கே போயிருக்கிறாள். கிரேன் வந்து கல்லை அள்ளியதில் தண்ணீர் ஊறுகிறதாம். அப்பா வந்தாரா என்றேன். "வந்தாரு, அப்பாயி. வேப்பமரத்தடியிலயே நிக்கிறாரு. சித்தப்பா இன்னும் அந்தப் பக்கம் திரும்பல."
போட்டோ ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்பச் சொன்னேன். கிணறு மட்டும் வேண்டாம். அண்ணனும் தம்பியும் ஒரே படத்தில் நிற்க வேண்டும், எத்தனை நாளானாலும் காத்திருந்து எடு என்றேன்.