இல்லை என்று எழுதாதே

மார்ச் 9

இன்றும் "பாக்கலாம்ங்க அம்முணி"தான்.

எங்கள் முதலாளி தண்டாயுதபாணியின் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. ஆபீஸ் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார். கோழிக்குஞ்சு தீர்ந்துபோனால் பண்ணைக்காரர்களிடம் "நாளைக்கு நிறைய வருதுங்க" என்பார். அதனால் நான் கேட்ட எதையும் அவர் இதுவரை மறுத்ததில்லை, கொடுத்ததும் இல்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு என்னோடு இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். பாக்கலாம். கோவைப் பெட்டியை மாற்றுங்கள் என்றேன். பாக்கலாம்.

அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இந்தப் பொரிப்பகத்தில் முட்டைகளைச் சூட்டில் வைக்கும் செட்டர்களை விற்ற கம்பெனி, கோவையில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக அவற்றின் வெப்பத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் போன பெட்டி அது. அவர்கள் வருகிற வழியில் திருடன் வர மாட்டானா? ராசிபுரம் பக்கம் ஒரு தீவன மில்லில் போன வாரம் எல்லாக் கம்ப்யூட்டரையும் எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டானாம். இங்கே அப்படி நடந்தால் பூட்டப்படுவது கணக்கு மட்டும் இல்லை. முட்டைக்குள் உயிர் இருக்கிறது.

மார்ச் 13

ஆள் தரமாட்டார். சரி, ஏஐ உதவியாளரையாவது துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

எந்தெந்த மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாகத் திருடர்கள் உண்மையாகவே உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று ஒரு பொதுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அது வளர்ந்துகொண்டே போகிறது. பிரிண்டரில் சிக்கின காகிதத்தை உருவுவேனா, உட்கார்ந்து அதைப் படிப்பேனா? பட்டியலையும் உதவியாளரையும் இணைத்துவிட்டால், நம் இயந்திரங்களின் பெயரைக் கொடுத்து, தினமும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். நடுவில் ஒரு சின்ன நிரல் எழுதினால் போதும். எழுதத் தெரியுமா? தெரிந்துகொள்கிறேன்.

மார்ச் 16

வேலை செய்கிறது!!

"நம்முடையது எதாவது அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்று தமிழிலேயே கேட்டேன். போய்ப் பார்த்து வந்து, கணக்குப் பிரிவின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. மத்தியானத்துக்குள் சரி செய்துவிட்டேன். கோவைப் பெட்டி பட்டியலில் இல்லை. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் போகும்போது நான் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு, பின்னால் இருந்த ரஞ்சிதா விலாவில் குத்தினாள். "ஏனுங்க்கா, மாப்பிள்ளை கீது பாத்தாச்சா?" இவள் வீட்டில் இவளும் இவள் மகளும் மட்டும்தான். பொரிப்பகத்தில் முட்டைத் தட்டு அடுக்குகிற பெண்களிலேயே கை வேகம் இவளுக்குத்தான், வாயும் அப்படியே. நான் செய்ததைச் சொன்னேன். "அப்ப எங்க பொழப்புக்கு நீ காவலு" என்றாள்.

மார்ச் 18

முதலாளிக்கும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகிற மாதிரி வைத்தேன். முதல் வரி: 'உங்கள் இயந்திரங்களில் எதுவும் பட்டியலில் இல்லை.'

போனில் பிடித்துக்கொண்டார். "விடிஞ்சும் விடியாம இல்லைன்னா எழுதி அனுப்புவீங்க அம்முணி? சாமி கும்புட்டுட்டு வந்து மொத மொத படிக்கறது இல்லைங்கற சொல்லா?"

நல்ல சேதிதானே ஐயா என்றேன். நல்ல சேதியை நல்ல வார்த்தையில் சொல்லச் சொன்னார். வாதாடி என்ன ஆகப்போகிறது? உதவியாளருக்கு நான் எழுதியிருக்கும் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'பட்டியலில் நம்முடையது எதுவும் கிடைக்காவிட்டால், இல்லை என்று எழுதாதே. எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க என்று மட்டும் எழுது.'

மார்ச் 24

எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க.

ஏப்ரல் 2

எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க. முதலாளி அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். எனக்குமே அந்த வரியைப் பார்த்தால்தான் காபி இறங்குகிறது. ரொம்ப நாளைக்கப்புறம் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

ஏப்ரல் 17

பூட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 18

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத நேரம் கிடைக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

நேற்றுக் காலை செட்டர் அறைத் திரைகள் எல்லாம் கறுத்துப்போய், ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். விசிறி நின்றுவிட்டது, தண்ணீர் தெளிப்பு நின்றுவிட்டது. உயிர் பிடித்த முட்டை தானே சூடு விடும். குளிர்விக்காவிட்டால் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும். வெளியே சித்திரை வெயில்.

சூப்பர்வைசர் அங்கமுத்து அண்ணன் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார். பெண்கள் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். யார் யார் வீட்டிலிருந்தோ டேபிள் ஃபேன் வந்தது. திரை இல்லாமல் சூடு எப்படித் தெரியும்? மெடிக்கல் ஷாப்பிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ரஞ்சிதா தட்டுக்குத் தட்டு ஓடி முட்டைமேல் வைத்துப் பார்த்து, "இங்க சுடுது, இங்க சுடுது" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

நான் கோவைப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்ற கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றப் பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

உள்ளே வந்தது அந்தப் பெட்டி வழியாகத்தான். ஆனால் நேற்றுக் காலையிலும் செய்தி வந்ததே. எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க!

ஏப்ரல் 20

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

இன்று பட்டியலை நானே திறந்து பார்த்தேன். கோவைப் பெட்டி அதில் இருக்கிறது. அவர்கள் பூட்டுவதற்கு முன்பே ஏறியிருக்கிறது. அப்புறம் ஏன் உதவியாளர் சொல்லவில்லை? பொய் சொன்னதா? ஆத்திரத்தோடு அதன் வேலைக் குறிப்புகளைத் தோண்டினேன். அந்த ஒரு வரியை அனுப்புவதற்கு முன் அது தனக்குள் எழுதிக்கொள்வது அங்கே இருக்கும். நான் ஒரு நாளும் படித்ததில்லை.

'பட்டியலைத் திறக்க முடியவில்லை. இணைப்பு வேலை செய்யவில்லை. ஆகவே எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காவிட்டால் எழுத வேண்டிய வரி இது: எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க.'

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

பட்டியல்காரர்கள் முகவரியை மாற்றியிருக்கிறார்கள். என் நிரல் பழைய முகவரியிலேயே போய்த் தட்டிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறது. தேடிப் பார்த்து இல்லாததும், தேடவே முடியாததும் ஒன்றா? இரண்டையும் ஒரே வாசகத்தில் போட்டு மூடினது யாரு? அது என்ன பண்ணும், நான் சொன்னதைத்தானே செஞ்சுது. ஐயோ, நான்தானே வாயைக் கட்டி வெச்சேன். நான்தான்.

ஏப்ரல் 21

முதலாளியிடம் போனேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார். "அந்த ஏஐ நம்மள ஏமாத்திப் போடுச்சுங்களா அம்முணி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. பிறகு உதவியாளர் தனக்குள் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டினேன். இணைப்பு அறுந்ததைப் பார்க்காமல் விட்டது நான், நல்ல வார்த்தை கேட்டது நீங்கள் என்றேன். அப்படியே சொல்லிவிட்டேன், ஐயா போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அவர் சுவரில் இருந்த முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நின்றேன். "போயி வேலையப் பாருங்க" என்றார்.

ஏப்ரல் 28

பொரிப்பு நாள்.

மற்ற நாளென்றால் அறைக்கு வெளியிலேயே கீச்சுக் கீச்சென்று காது அடைக்கும். இன்று கதவைத் திறந்தும் சத்தம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் கத்தின. பாதி உடைத்து, மூக்கை மட்டும் நீட்டி, அப்படியே நின்றுபோனவைதான் அதிகம். அங்கமுத்து அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போனார்.

ரஞ்சிதா பொறுக்கினாள். உயிர் இருக்கிறதை ஒரு கூடையில், இல்லாததை ஒரு கூடையில். நானும் கூடப் பொறுக்கினேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மே 4

நஷ்டம் தாங்காமல் இரண்டு செட்டர்களை நிறுத்திவிட்டார்கள். அவற்றில் தட்டு அடுக்கின பெண்களை வீட்டில் இருக்கச் சொல்லியாயிற்று. அதில் ரஞ்சிதாவும் ஒருத்தி.

"திரும்ப எப்பங்க கூப்புடுவீங்க?" என்று முதலாளியைக் கேட்டிருக்கிறாள்.

"பாக்கலாம்ங்க சாமி."

நம்பிக்கொண்டு போய்விட்டாள்.

மே 11

காலையில் ஸ்கூட்டியின் பின் இருக்கை காலியாக இருப்பது முதுகில் தெரிகிறது.

உதவியாளருக்குக் கொடுத்த குறிப்பை மாற்றி எழுதினேன். பார்த்தாயா, பார்க்க முடியவில்லையா என்று முதலில் சொல். பார்த்து இல்லையென்றால் இல்லை என்றே எழுது. இணைப்பை வேண்டுமென்றே அறுத்துவிட்டும் சோதித்தேன். 'இன்று பட்டியலைப் பார்க்க முடியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று வந்தது. இதை அன்றைக்கே செய்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மே 15

ரஞ்சிதா போன் செய்தாள். திருச்செங்கோட்டில் ஒரு நூற்பு மில்லில் ஆள் எடுக்கிறார்களாம். "போலாமா, இங்க கூப்புடுவாங்களாக்கா? இங்க கூப்புடறதுக்குள்ள நான் அங்க போயிட்டா அப்பறம் இங்க சேக்க மாட்டாங்கல்ல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். முதலாளியின் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மே 22

காலைச் செய்தி: 'பட்டியலைத் திறந்து பார்த்தேன். நம்முடைய இயந்திரம் எதுவும் இன்று அதில் இல்லை.'

உடனே முதலாளியின் போன். "அம்முணி, இல்லைன்னு வந்துருச்சுங்க."

"ஆமாங்க ஐயா. நானும் போய்ப் பார்த்துட்டேன்."

"அப்பச் சரிங்க. அதப் பாத்தாத்தான் டீ குடிக்கிறேன்."

அவர் போனை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன். ரஞ்சிதாவையும் மற்றவர்களையும் எப்போது கூப்பிடுவீர்கள்? எனக்கு அந்த 'பாக்கலாம்' இப்போதே காதில் கேட்டது.

"இல்லீங்க அம்முணி" என்றார். "அந்த ரெண்டு செட்டரையும் இனி ஓட்டறதா இல்லீங்க. அந்தப் புள்ளைகளுக்கு இங்க வேலை இல்லை. காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

நேரில் போய்ச் சொன்னேன். ரஞ்சிதா கொஞ்ச நேரம் கோலமாவு டப்பாவை மூடி மூடித் திறந்தாள். பிறகு எழுந்து பையில் இரண்டு புடவையை வைத்தாள். "இன்னிக்குச் சொன்னயே, அதே போதும். மில்லுல நாளையோட ஆள் எடுக்கறத நிறுத்தறாங்களாம். புள்ளைய எங்கம்மா பாத்துக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில உட்டுடறயாக்கா?"

வழி முழுவதும் அவள் கை என் தோளில் இருந்தது. திருச்செங்கோட்டு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ப் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வாரேன்க்கா" என்றாள்.