வெறும் வயிற்றில் ஒன்று

ஆகஸ்ட் 12, செவ்வாய்
கிளினிக்கில் இன்று நாற்பத்தோரு பேர். நடுவில் மருந்துக் கம்பெனி நிதின் வந்து, புது சர்க்கரை மாத்திரையின் வழவழ விளம்பர அட்டையை நீட்டினார். "காலையில வெறும் வயித்துல ஒண்ணு, அவ்ளோதான் மேடம்." மீன் பிடிக்கப் போகும் தாண்டவராயனுக்கு அதையே எழுதினேன். வயது அறுபத்திரண்டு, சர்க்கரை முந்நூறு.

ஆகஸ்ட் 18, திங்கள்
தாண்டவராயன் படகிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பிடித்திருக்காவிட்டால் கடலுக்குள் போயிருப்பார். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் மனைவி பரிமளா வாசலில் நின்று கத்தினாள். "நீங்க சொன்னா மாதிரிதான் வெறும் வயித்துல போட்டுகினு போனாரு. இன்னா மாத்திரை அது?"

ஐயோ. நாலு மணிக்குக் கடலுக்குப் போகிற மனுஷன். கரைக்கு வந்து பத்து மணிக்குத்தான் நாஸ்தா. ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேனே, எனக்குத் தெரியாதா? அட்டையில் இருந்ததை அப்படியே சீட்டில் எழுதினேன்.

ஆகஸ்ட் 19
சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்
மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருக்கும் தோழி ஷாரோனிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவள் பார்க்கும் மருந்துத் தகவல் தளம் எனக்குத் திறக்காது, கல்லூரி ஆட்களுக்கு மட்டும்தான். பதினோரு பக்கம் அனுப்பினாள். நாலாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது — போட்டதும் சாப்பிட்டாக வேண்டும், சாப்பாடு தள்ளிப்போனால் போடக்கூடாது, வயதானவர்களுக்குப் பாதி அளவு.

இதில் ஒரு வரியாவது அட்டையில் உண்டா? சிரிக்கிற குடும்பத்தின் படம் உண்டு! அவளுக்குப் பதினோரு பக்கம், எனக்கு ஒரு அட்டை. இரண்டு பேரும் எழுதுவது ஒரே மாத்திரைதானே? பற்றிக்கொண்டு வருகிறது. நான் மட்டும் யோக்கியமா? மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தை ஒரு நாளாவது பிரித்தேனா?

ஆகஸ்ட் 22
வார்டுக்குப் போனேன். தப்பு என்மேல்தான் என்று தாண்டவராயனிடம் சொன்னேன். "வுடும்மா. கடலுக்கு எப்போ போலாம், அத்த சொல்லு" என்றார். பரிமளா என் முகத்தையே பார்க்கவில்லை. மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
நிதின் அதே அட்டையோடு வந்தார். பதினோரு பக்கத்தையும் அவர் முன்னால் போட்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி கத்திவிட்டேன். "இதெல்லாம் எங்களுக்கே குடுக்கிறதில்ல மேடம்" என்றார். வாங்கிப் படித்தார். நாலாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இதை போட்டோ எடுத்துக்கட்டுமா? எங்கப்பா இந்த மாத்திரையைத்தான் போடுறாரு. நான்தான் குடுத்தேன்."

அப்பா காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.