மர மூஞ்சூறுகள் மாடி இறங்கின

பிப்ரவரி 6, செவ்வாய்

அந்துருண்டை மாற்றும் நாள். எதிர் மேசையில் அவள் மர மூஞ்சூறு மண்டையோடுகளை அளந்து எண் சொன்னாள், நான் எழுதிக்கொடுத்தேன். குரங்குகளுக்கு நான் பொறுப்பு, மர மூஞ்சூறுகளுக்கு அவள். அணில் மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பிராணிகளை யாரோ ஒரு காலத்தில் குரங்கு வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் ஆறு வருடமாக எங்களுக்கு ஒரே அறை.

பிப்ரவரி 8, வியாழன்

இயக்குநர் கூப்பிட்டார். மர மூஞ்சூறு குரங்குக்குச் சொந்தம்தான், ஆனால் தனி வரிசை. மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. உலகம் ஒப்புக்கொண்டு வெகுநாளாகிறது, நாங்கள்தான் பலகையை மாற்றவில்லை. அலமாரி பின்கட்டடத்துக்குப் போகிறது.

"அலமாரி போனா மேடமும் போகணும்ல? உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க. ஒரு வருஷம் இழுத்துடலாம்."

ஒரு வருஷம்!

பிப்ரவரி 19, திங்கள்

நான்கு பக்கம் எழுதினேன். கண்குழியைச் சுற்றி எலும்பு வளையம் — குரங்குக்கு இருப்பதுபோலவே. உடம்புக்குப் பெரிய மூளை. எல்லாம் அரதப்பழசான வாதம். எழுதும்போதே கூசியது.

பிப்ரவரி 20

அவள் படித்துவிட்டாள். மேசைமேல் வைத்தது என் தப்பு.

"நீங்க நிஜமாவே இதை நம்புறீங்களா சார்?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

பக்கங்களை அடுக்கி இழுப்பறைக்குள் வைத்தேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பதிலுக்காக எவ்வளவு நேரம் நின்னா! முட்டாள், முட்டாள்.

சாயங்காலம் நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

நான்கு பேர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் இழுப்பறையை அணைத்துக்கொண்டு அவள். "வரேன் சார்."

மார்ச் 22

என் ஜன்னலிலிருந்து பின்கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டிதான் தெரிகிறது. அதையும் எத்தனை தடவை பார்ப்பது?

ஏப்ரல் 11

படிக்கட்டில் எதிரே வந்தாள். "சாப்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன். ஆறு வருடப் பழக்கத்தில் மிச்சம் இவ்வளவுதானா? சாப்பிடவும் இல்லை.

மே 3, வெள்ளி

போய்விட்டேன். சாக்குக்கு ஒரு கோப்புகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் புதுப் பெயர்ச்சீட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு பக்கம் மூஞ்சூறுக்காக எழுதலை" என்றேன்.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"தெரியும். மனசறிஞ்சு பொய் எழுதினீங்க. அதைக் குடுத்திருந்தா உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்." பசைப்புட்டியை மூடிக்கொண்டே, "ஆனா, மூணு மாடி இறங்கி வர ரெண்டு மாசமா?"

ஜூன் 9, ஞாயிறு

அக்காவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தூறல். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுடைய அம்மா கதவைத் திறந்தார்.

"நனைஞ்சிடும், உள்ள வையுங்க மாப்ளே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்தே இருந்தேன். செருப்பை எடுத்து உள்ளே, அவள் அருங்காட்சியகத்துக்குப் போட்டுவரும் செருப்பின் பக்கத்தில் வைத்தேன்.